மறு பொட்டலம்

நீங்க அந்த ஓரத்துல உக்காருங்க தம்பி, இந்த ஓரம் எனக்கு வேணும். இல்ல இல்ல, ஏரியைப் பார்த்து உக்கார வேண்டாம் எனக்கு, நான் இப்படி ரோட்டைப் பார்த்தே உக்காந்துக்கறேன். வண்டி அங்க நிக்குது பாருங்க, அது என் கண்ணுல பட்டுக்கிட்டே இருக்கணும். அதோ அந்த மரத்தடியில, சந்தனக் கலர் மாருதி. தொண்ணூத்தெட்டு மாடல். பார்த்தா சொல்ல முடியுதா? யாருக்கும் சொல்ல முடியாது. இருபத்தாறு வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள் கூட நடுரோட்டுல நின்னது கிடையாது. சாவியைப் போட்டு ஒரு திருகு, அவ்வளவுதான்.

உங்க வீட்ல எல்லாரும் படகுல போயிட்டாங்களா? நீங்க பைகளுக்குக் காவலா? எல்லாக் குடும்பத்துலயும் அதுக்குன்னு ஒரு ஆள் வந்து பொறந்துடுவான். திருச்செந்தூர்ல நானும் அப்படித்தான். எல்லாரும் கடல்ல குளிப்பாங்க, நான் கரையில துணி காவல்.

ஒரு சின்ன உதவி தம்பி. படகு ஏறுற மேடை இருக்கில்ல, அங்க கிளிப்பச்சைச் சேலை கட்டிக்கிட்டு, கையில வயர்கூடையோட ஒரு அம்மா உக்காந்திருக்காங்களா? இருக்காங்களா, நல்லது. அது என் சம்சாரம், மங்கையர்க்கரசி. அவ எந்திரிச்சா எனக்குச் சொல்லுங்க. நான் திரும்பிப் பார்க்க மாட்டேன். திரும்பிப் பார்த்தா இவன் வரப்போறான்னு நினைச்சுக்குவா.

மணி என்ன? நாலே முக்காலா. அஞ்சரைக்கு மேல படகு விடமாட்டாங்களாம், டிக்கெட் குடுக்கற ஆள் கண்டிப்பாச் சொல்லிட்டாரு. அந்த அஞ்சரைக்குள்ள நான் போய் படகுல ஏறி அவ பக்கத்துல உக்காரணும். உக்காந்தா நாளன்னிக்கு அவ ஆஸ்பத்திரிக்கு வருவா. உக்காரலைன்னா வரமாட்டா. இருதயத்துல ஆபரேஷன் தம்பி. புதன்கிழமை தேதி குடுத்திருக்காங்க. இந்தத் தேதி போனா அப்புறம் எங்களைக் குத்தம் சொல்லாதீங்கன்னு டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரு.

போய் ஏற வேண்டியதுதானேன்னு பார்க்கறீங்க. பார்ப்பீங்க. முழுசாக் கேளுங்க, அப்புறம் சொல்லுங்க.

எங்களுக்கு ஆத்தூர். நான் ஜவ்வரிசி ஆலையில சூப்பர்வைசரா இருந்தேன். மே மாசம் ஆலைக்கு ஒரு வாரம் லீவு விடுவாங்க, மெஷினைக் கழுவி சுத்தம் பண்றதுக்கு. அந்த ஒரு வாரம்தான் எங்களுக்கு வெளியூர். கல்யாணம் ஆன புதுசுலயே மங்கை கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். ஏற்காடு போகணும், படகுல சுத்தணும். நகை கேக்கல, பட்டுப்புடவை கேக்கல. பக்கத்து வீட்டு மாடியில இருந்து பார்த்தா எங்களுக்கு மலை தெரியும். அந்தா தெரியற மலைக்குப் போறதுல என்ன கஷ்டம்னு கேப்பா. நியாயந்தான். ஆனா அப்போ நம்மகிட்ட வண்டி இல்ல, பஸ்ல போனா அவளுக்கு வாந்தி வரும். வண்டி வாங்கிட்டுப் போலாம்னேன்.

வண்டி வாங்கினேன். அந்த வருஷமே கேட்டா. மகள் தேன்மொழிக்கு அப்போ ஏழு வயசு. முறுக்கு சுட்டாச்சு, புளிசோறு கிண்டியாச்சு, பையெல்லாம் கட்டி வாசல்ல வச்சாச்சு. நான் வண்டியைத் துடைச்சுக்கிட்டே நிக்கறேன். துடைக்கறேன், துடைக்கறேன், பளபளன்னு இருக்கறதையே திரும்பத் துடைக்கறேன். அப்புறம் உள்ள போய், புது வண்டி, மலை ரோடு, எதுக்கும் சாமிகிட்ட பூக்கட்டி கேட்டுட்டுப் போலாமேன்னு சொன்னேன்.

பூக்கட்டிப் பார்க்கறது உங்க பக்கம் உண்டில்ல? ஒரு பேப்பர்ல வெள்ளைப் பூ, ஒரு பேப்பர்ல சிவப்புப் பூ. மடிச்சு நூல் சுத்தி, சாமி முன்னாடி குலுக்கிப் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்லணும். வெள்ளை வந்தா போலாம். சிவப்பு வந்தா வேண்டாம். எங்க வீட்ல நந்தியாவட்டையும் செவ்வரளியும் வாசல்லயே இருக்கு, பஞ்சமே இல்ல. நான்தான் கட்டினேன். தேன்மொழிதான் எடுத்தா. சிவப்பு.

மங்கை முகம் தொங்கிப்போச்சு. அதே புளிசோறை எடுத்துக்கிட்டு திருவண்ணாமலை போனோம். வண்டி எப்படிப் போச்சு தெரியுமா? தண்ணி மாதிரி... இல்ல, வழவழன்னு போச்சு.

நீங்க நல்ல மனுஷனாத் தெரியறீங்க, இதோ எந்திரிச்சுப் போனா இனி உங்களை நான் பார்க்கப் போறதில்ல. அதனால சொல்றேன். ரெண்டு பொட்டலத்துலயும் செவ்வரளிதான் வச்சேன்.

ஏமாத்தினதுன்னு சொல்லாதீங்க. அது ஏமாத்து இல்ல. குடும்பத்து நன்மைக்கு ஒரு மனுஷன் முடிவு எடுக்கறான், அதைச் சாமி வாயால சொல்ல வைக்கறான், சண்டை இல்லாமப் போயிடுதில்ல? நான் நேரா வேண்டாம்னு சொல்லியிருந்தா ஏன்னு கேப்பா. சாமியை யாரு ஏன்னு கேப்பாங்க?

மறு பொட்டலம்னு ஒண்ணு இருக்குமே, அதுக்கும் ஒரு சட்டம் போட்டேன். எடுக்காம விட்ட பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது, பிரிச்சா சாமியைச் சந்தேகப்பட்ட மாதிரி, அப்படியே கொண்டுபோய் கொல்லையில வாழைக்கு அடியில புதைச்சுடணும்னேன். எங்க பெரியப்பா சொன்னதுன்னு சொன்னேன். பெரியப்பா அப்படி எதுவும் சொல்லல, பாவம். மங்கைதான் ஒவ்வொரு தடவையும் கொண்டுபோய்ப் புதைப்பா, பயபக்தியா.

அடுத்த வருஷம் கேட்டா. சிவப்பு. மைசூருக்குப் போனோம். அதுக்கடுத்த வருஷம் சிவப்பு. பழனி. அப்புறம் தஞ்சாவூர், ராமேஸ்வரம், எல்லாம் பார்த்தாச்சு. ராமேஸ்வரத்துல இருபத்திரெண்டு தீர்த்தத்துலயும் அவளும் மகளும் குளிச்சாங்க, நான் துணி காவல். ஒவ்வொரு வருஷமும் ஏற்காட்டுக்குன்னுதான் பை கட்டுவா. ஒவ்வொரு வருஷமும் வாசல்ல வச்சு ஊரு மாறும். வண்டிதான் எங்க வேணா போகுமே, அது ஒரு நாள் முகம் சுளிச்சது இல்ல. மொத்தம் பதினோரு தடவை தம்பி.

நடுவுல ஒரு வருஷம், நாங்க இந்த மலைக்கு வராம பழனி போன அதே வாரம், இங்க நல்ல மழை, ரோட்டுல பாறை உருண்டு வந்து வண்டியெல்லாம் ராவு முழுக்க நடுவழியில நின்னுதாம். மங்கை அதைப் பேப்பர்ல படிச்சா. படிச்சுட்டு சாமி அலமாரி முன்னாடி உக்காந்து அழுதா, குழந்தையை வச்சுக்கிட்டு அங்க மாட்டியிருப்போமே, காப்பாத்திட்டயேன்னு. எனக்கே மயிர்க்கூச்செறிஞ்சுது. நாம கட்டினது ரெண்டும் சிவப்பா இருந்தாலும், கட்டச் சொன்னது சாமியா இருக்கலாமில்ல? யாரு கண்டா?

அன்னிலேர்ந்து எல்லாத்துக்கும் பூதான். தேன்மொழிக்கு வரன் வந்தப்போ பூ, மாடி கட்டலாமான்னு பூ. அதெல்லாம் நான் ஒழுங்காத்தான் கட்டினேன், சத்தியமா, ஒண்ணு வெள்ளை ஒண்ணு சிவப்பு. படகு விஷயம் மட்டும்தான் அப்படி.

அவ எந்திரிச்சாளா? உக்காந்துதான் இருக்காளா? படகுக்காரர் கூப்பிடறாரா? என்ன பண்றா, தலையை ஆட்டறாளா? ஆட்டுவா. அவர் வரட்டும்னு சொல்லுவா. வந்ததுலேர்ந்து மூணு படகை அனுப்பிட்டா.

சரி, சொல்றேன். போன மாசம் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கி நடுப்படியிலயே உக்காந்துட்டா. அப்புறம் படுக்கவே முடியல, சுவத்துல சாஞ்சு உக்காந்தே தூங்கறா. சேலத்துல பெரிய டாக்டர்கிட்ட காட்டினோம். வால்வு சுருங்கிப்போச்சாம், மாத்தணுமாம். வால்வுன்னா எனக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்து விவரமா எடுத்துச் சொன்னேன். இஞ்சின்ல வால்வு தேய்ஞ்சா இழுவை இருக்காது, புகை தள்ளும், வால்வை மாத்திட்டா வண்டி புதுசு, இன்னும் முப்பது வருஷம் ஓடும்னேன். நான் வண்டி இல்லங்கன்னா. அவ்வளவுதான் சொன்னா.

அப்புறம் சாமிகிட்ட கேட்டுடலாம்னு எந்திரிச்சுப் போனா. நான் பூ பறிச்சுக் கட்டறேன்னு ஓடினேன். ரெண்டுலயும் நந்தியாவட்டை வச்சுடலாம்னுதான், வேற என்ன? இல்ல, என் உசுரு சமாச்சாரம், நானே கட்டறேன்னுட்டா. அவளே பறிச்சா, அவளே கட்டினா, கண்ணை மூடிக்கிட்டு அவளே எடுத்தா. பிரிச்சு என் கையில குடுத்தா. சிவப்பு.

அவ பதட்டமே படல. சாமி வேண்டாம்னு சொல்லிடுச்சு, ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. மகள் ஓசூர்ல இருந்து போன்ல அழறா, மாப்பிள்ளை கெஞ்சறாரு. நான் என்னென்னவோ சொன்னேன். பூவாவது மண்ணாவதுன்னு கூடச் சொல்லிட்டேன். பதினோரு வருஷம் பூ சொன்னதைக் கேட்டோமே, அன்னிக்குப் பாறையில இருந்து காப்பாத்துச்சே, இப்ப மட்டும் பொய் சொல்லுமான்னு கேக்கறா. என்னோட சட்டத்தையே எடுத்து என் நெஞ்சுல வைக்கறா.

மறுநாள் காலையில அவ குளிக்கப் போனப்போ நான் கொல்லைக்குப் போனேன். வாழைக்கு அடியில ஈர மண்ணு. கையாலேயே தோண்டினேன். முந்தின நாள் அவ புதைச்ச மறு பொட்டலம் கிடைச்சுது. என் சட்டத்தை நானே உடைச்சு அதைப் பிரிச்சேன். வெள்ளையா இருந்தா, அது அவ எடுக்காமப் போன அதிர்ஷ்டம்னு மனசாவது ஆறும்னு நினைச்சேன். பிரிச்சா அதுவும் சிவப்பு.

பார்த்தீங்களா? பாவம், அவளுக்கு இப்பல்லாம் கண்ணு சரியாத் தெரியறதில்ல. ரெண்டு வருஷமா சொல்றேன் கண்ணாடி மாத்துன்னு. வெள்ளைன்னு நினைச்சு அரளியைக் கிள்ளி வச்சிருக்கா. ஒரு சின்னத் தப்பு, கண்ணாடி மாத்தாத தப்பு, அதுக்காக உசுரையே விடறதா? ஆனா இதை நான் அவகிட்ட எப்படிச் சொல்ல? மறு பொட்டலத்தை ஏன் பிரிச்சீங்கன்னு கேப்பா. ரெண்டும் ஒரே பூவா இருக்கும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சுன்னு கேப்பா. மண்ணை மூடிட்டு கையைக் கழுவிட்டு வந்துட்டேன்.

இன்னொரு தடவை கட்டிப் பார்ப்போம்னேன். ஒரே விஷயத்துக்குச் சாமியை ரெண்டு தடவை கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லியிருக்கீங்கன்னா. சொல்லித் தொலைச்சிருக்கேன். மூணு நாள் வீட்ல யாரும் சரியா சாப்பிடல. அவ நடந்தா எனக்கு அந்த மூச்சுச் சத்தம் மட்டும்தான் காதுல கேக்குது. இஞ்சின்ல அப்படி ஒரு சத்தம் வந்தா அந்த நிமிஷமே வண்டியை ஓரங்கட்டியிருப்பேன்.

நேத்து காலையில காபியைக் குடுத்துட்டு எதிர்ல உக்காந்தா. உக்காந்து ஒண்ணு சொன்னா பாருங்க.

"படகு வேண்டாம்னு பூ பதினோரு தடவை சொல்லுச்சு. அதை நீங்க மீறுங்க. ஆபரேஷன் வேண்டாம்னு ஒரு தடவை சொல்லியிருக்கு. அதை நான் மீறுறேன். படகுல என் பக்கத்துல வந்து உக்காருங்க, புதன்கிழமை நான் ஆஸ்பத்திரிக்கு வர்றேன்."

சாமி குத்தம் ஆயிடுமேன்னேன். அவ மெதுவாத்தான் சொன்னா.

"இந்தத் தடவை பூ வேண்டாங்க. வர்றேன்னு சொல்லுங்க, இல்ல வரமாட்டேன்னு சொல்லுங்க. என்னவா இருந்தாலும் உங்க வாயால சொல்லுங்க."

வண்டிக்கு ஆயில் மாத்தணும்னு சொன்னேன் தம்பி. ஏன் அப்படிச் சொன்னேன்னு கேக்காதீங்க. வாயில அதுதான் வந்துச்சு.

ஆயில் மாத்தினேன். இன்னிக்கு மத்தியானம் கிளம்பினோம். சேலம் தாண்டி மலை ஏற ஆரம்பிச்சாச்சு. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் நம்பர் எழுதி வச்சிருக்காங்களே, அதை அவ எண்ணிக்கிட்டே வர்றா, சின்னப் பொண்ணு மாதிரி. பத்தாவது வளைவு தாண்டி வண்டியை ஓரங்கட்டினேன். இஞ்சின் சூடாயிடுச்சு, இதுக்கு மேல ஏறினா ஆபத்து, திரும்பிடலாம்னேன். பானெட்டைத் திறந்து வச்சுக்கிட்டு நிக்கறேன். அவ கதவைத் திறந்து, மூச்சு வாங்க வாங்க இறங்கி வந்து, ரேடியேட்டர் மேல கையை வச்சா. ஒரு நிமிஷம் வச்சுக்கிட்டே இருந்தா. ஏங்க, இருபத்தாறு வருஷமா நடுரோட்டுல நிக்காத வண்டி இன்னிக்கு ஏன் நிக்கணும்னு கேட்டா. கேட்டுட்டுப் போய் சீட்டுல உக்காந்துட்டா.

பானெட்டை மூடினேன். சாவியைப் போட்டேன். ஒரே திருகு. சனியன் பிடிச்ச வண்டி, ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கிளம்பாம இருந்தா என்ன? கேட்ட இடத்துக்கெல்லாம் என்னைக் கொண்டுபோய் விட்ட வண்டி, கடைசியில இங்கயும் கொண்டுவந்து விட்டுடுச்சு.

இங்க வந்ததும் அவளே போய் ரெண்டு டிக்கெட் வாங்கினா. ஒண்ணை என் கையில குடுத்தா. நான் வர்றேன், நீ முன்னாடி போன்னேன். அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு. முந்தானை முடிச்சை அவுத்து ரெண்டு பொட்டலம் எடுத்து என் சட்டைப் பையில வச்சா. உங்களுக்குப் பூ இல்லாம எதுவும் ஆகாது, ஏற முடியலைன்னா இதையே கேட்டுக்குங்கன்னு சொல்லிட்டு நின்னு நின்னு மூச்சு வாங்கி நடந்து போனா. அது ஆச்சு ஒரு மணி நேரம்.

மணி எவ்வளவு? அஞ்சே காலா! தம்பி, ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இந்த டிக்கெட்டை வச்சுக்கிட்டு நீங்க போய் அவ பக்கத்துல உக்காந்து ஒரு சுத்து சுத்திட்டு வரமுடியுமா? பையை நான் பார்த்துக்கறேன். அவளுக்குத் துணைக்கு ஒரு ஆள் இருந்தாப் போதாதா? போதாதா. சரி. சிரிக்காதீங்க. நீங்க சிரிக்கல, தெரியுது.

எனக்குப் பயமெல்லாம் ஒண்ணும் இல்ல. சின்ன வயசுல எங்க கிணத்துல நீச்சல் பழக முதுகுல சுரைக்குடுக்கை கட்டிவிட்டாங்க. முடிச்சு அவுந்துபோச்சு. குடுக்கை மேல மிதக்குது, நான் கீழ போறேன். கீழ பச்சையா இருந்துச்சு, சத்தமே இல்ல. தலைமுடியைப் பிடிச்சு யாரோ மேல தூக்கினாங்க. பத்து வயசு. அதுக்கப்புறம் வாளியும் சொம்பும்தான் நமக்கு. ஆடிப் பதினெட்டுக்குக் கூட ஆத்துல கால் நனைச்சது இல்ல. இதை நான் யாருகிட்டயும் சொன்னது இல்ல தம்பி. அவகிட்டயும் சொன்னது இல்ல. எப்படிச் சொல்றது? கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து அவ கேட்டது ஒரே ஒரு படகு.

இந்தாங்க, பொட்டலம். நீங்க எடுங்க. நீங்க பொது ஆள், உங்களுக்கு எந்தப் பக்கமும் சாய்வு இல்ல. உள்ளதைச் சொல்லிடறேன், சிவப்பு வரணும்னு ஒரு மனசு கும்பிடுது. சிவப்பு வந்தா போய் சொல்லிடலாம், சாமியே வேண்டாங்குதும்மான்னு. அப்புறம் புதன்கிழமை... ஐயோ, அப்புறம் புதன்கிழமை என்ன பண்ணுவேன்? வெள்ளையே வரட்டும். எது வேணா வரட்டும். எடுங்க தம்பி, நீங்களே பிரிங்க.

என்ன பூ?

நந்தியாவட்டையா. வெள்ளை.

இருங்க. அந்த இன்னொண்ணைத் தூக்கிப் போட்டுடாதீங்க. மறு பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. பிரிக்கவே கூடாது, அது சட்டம். யாரு போட்ட சட்டம், நான் போட்டதுதானே? குடுங்க இப்படி. நூலைப் பாருங்க, எப்படி மூணு சுத்து சுத்தி முடிச்சுப் போட்டிருக்கா. நான் கட்டுற மாதிரியே கட்டியிருக்கா.

இதுவும் வெள்ளை.

ரெண்டும் வெள்ளை தம்பி.

அந்த வாழைக்கு அடியில பதினோரு பொட்டலத்தையும் கொண்டுபோய்ப் புதைச்சது அவதான். நான் ஒரு தடவை கூடப் போனது இல்ல. அவளைத்தான் அனுப்பினேன். ஒவ்வொரு வருஷமும் கையில குடுத்து, பிரிக்காதே பிரிக்காதேன்னு சொல்லிச் சொல்லி அனுப்பினேன். திரும்பி வந்து கையைக் கழுவிட்டு, புளிசோத்துத் தூக்கை எடுத்து வண்டியில வச்சுட்டு முன்சீட்டுல உக்காருவா. ஒரு வருஷம் கூட முகம் சுளிக்கல. எந்த ஊருன்னாலும் வந்தா. எங்க போறோம்னு கூடக் கேக்கமாட்டா.

அவளுக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது தம்பி.

மணி சொல்லாதீங்க. அவ அங்கதான் இருக்காளா? எந்திரிச்சுட்டாளா? இந்தப் பக்கம் பார்க்கறாளா? படகுக்காரர் கயித்தை அவுக்கறாரா? இருக்கச் சொல்லுங்க, கையைக் காட்டுங்க, உங்க ரெண்டு கையையும் தூக்கிக் காட்டுங்க, வர்றான்னு. இந்தாங்க, சாவியைப் பிடிங்க. இருபத்தாறு வருஷத்துல இந்தச் சாவியை இன்னொரு ஆள் கையில குடுத்தது இல்ல. தண்ணியில விழுந்துட்டா எடுக்க முடியாதில்ல, நீங்க வச்சிருங்க. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அவளைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில சேர்க்கறதுக்கு வண்டி தயாரா இருக்கு. ஒரே திருகுதான்.

என் கையைப் பிடிச்சுக்குங்க. மேடை வரைக்கும் வாங்க. நான் கீழ பார்க்கமாட்டேன், அந்தப் பச்சைச் சேலையை மட்டும் பார்த்துக்கிட்டு வர்றேன்.

இன்னும் கொஞ்ச தூரம்தானா? இருங்க, நிக்காதீங்க, போங்க.

மங்கை. ஏய், மங்கை. எனக்குப் பயமா இருக்குடி. தள்ளி உக்காரு.